முழுமையாக மீட்கப்பட்ட குடும்பம்

பதிவகத்திலிருந்து அந்தச் செய்தி வந்தபோது பல்லழகியின் கையில் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரின் மேல்வரிசைப் பற்கள் இருந்தன. விளக்கு வெளிச்சத்தில் அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஈறு நிறத்துப் பிளாஸ்டிக்கில் துருத்திக்கொண்டிருந்த பிசிறை அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தாள். பல் மருத்துவமனையின் பின்பக்க அறையில் அவளுக்கு அதுதான் வேலை. ஊரில் பாதிப் பேர் அவள் செய்துகொடுத்த பல்லால்தான் சிரித்தார்கள். அவளுடைய சொந்தப் பெயரைச் சம்பளம் போடுகிறவரைத் தவிர யாரும் உச்சரித்ததில்லை. பல்லழகி என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பாள்.

“வாழ்த்துகள். உங்கள் குடிமைப் பதிவுகள் அனைத்தும் முழுமையாக மீட்கப்பட்டன. இழப்பு: பூஜ்யம்” என்றது செய்தி.

தொலைந்ததே தெரியாதவளுக்குக் கிடைத்ததில் என்ன சந்தோஷம் வரும்? கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு நீதிபதியின் கோரைப்பல்லுக்குத் திரும்பினாள்.

மாலையில் வீட்டுக்குப் போனால், மாடிப்படியில் பெட்டியோடு அவளுடைய முன்னாள் கணவன் உட்கார்ந்திருந்தான்.

அந்த “முன்னாள்” என்ற ஒரு சொல்லை வாங்குவதற்கு அவள் மூன்று வருடம் நீதிமன்றப் படியேறியிருந்தாள். நாலு பேர் முன்னால் தன் பேச்சைத் திருத்தினால் கையை ஓங்கிவிடுகிற மனிதன் அவன். ஒருமுறை நண்பர்களிடம் சோபாவின் விலையை அவன் கூட்டிச் சொல்ல, இவள் வாய்தவறி உண்மை விலையைச் சொல்லிவிட்டாள். அன்றோடு அவளுக்கு இடது காது கேட்கவில்லை. தீர்ப்பு வந்து நாலு வருடம் ஆகிறது. மகளும் வீடும் அவளுக்கு, அவன் அந்தத் தெருப்பக்கமே வரக்கூடாது என்று தெளிவாக எழுதியிருந்தார்கள்.

“என்ன அப்படிப் பாக்கறே? கதவைத் திற” என்றான்.

“இங்க எதுக்கு வந்தீங்க? கோர்ட்டு என்ன சொல்லிச்சுன்னு மறந்துபோச்சா?”

“எந்தக் கோர்ட்டு? எனக்கும்தான் மெசேஜ் வந்துச்சு. போய்ப் பாத்தேன். நீ என் பொண்டாட்டி. வீடு என் பேர்ல இருக்கு.” கைபேசியை அவள் மூக்குக்கு நேரே நீட்டினான். பதிவகத்தின் முத்திரைக்குக் கீழே எல்லாம் அப்படியேதான் இருந்தது.

அவள் போலீஸைக் கூப்பிட்டாள். அவர்களும் உடனே வந்தார்கள், அதில் குறை சொல்ல முடியாது. வயதான போலீஸ்காரர் அவள் கொடுத்த தீர்ப்பை வாங்கி, மூலையில் இருந்த கட்டம் போட்ட முத்திரையைக் கைபேசியால் படம் பிடித்தார். பிறகு இன்னொரு முறையும் படம் பிடித்தார்.

“இந்த நம்பர்ல தீர்ப்பே இல்லையேம்மா.”

“இருக்கே சார். உங்க கையிலதானே இருக்கு?”

“என் கையில இருக்கறது பேப்பர். தீர்ப்புன்னா சிஸ்டத்துல இருக்கணும். சிஸ்டத்துல இல்லாத தீர்ப்பு பேப்பர்ல இருந்தா அதுக்குப் பேர் வேற.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “என்கிட்ட காட்டினது போகட்டும். வேற யார்கிட்டயும் காட்டிடாதீங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

அவர்களே அவன் பெட்டியை உள்ளே எடுத்து வைக்க ஒத்தாசை செய்தார்கள். அவள் மகளின் துணிகளையும் புத்தகங்களையும் ஒரு பையில் திணித்துக்கொண்டு வெளியேறியபோது, “சாப்பிட என்ன இருக்கு?” என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

பள்ளி விட்டதும் மகள் தினமும் போகிறது பெரியம்மா வீட்டுக்குத்தான். பல்லழகியும் அங்கேயே போய்ச் சேர்ந்தாள். அக்கா விஷயத்தைக் கேட்டதுமே பதறிவிட்டாள்.

“அவனை மறுபடி வீட்டுக்குள்ள யாருடி விட்டது?”

“பதிவகம்.”

“அவங்களுக்கு அவன் என்ன உறவு?”

பல்லழகி மகளின் பையை இறக்கி வைத்தாள்.

மறுநாள் பள்ளியிலிருந்து திரும்பிய மகள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். ஒன்பது வயது. நாலாம் வகுப்பில் இருக்க வேண்டியவள். பள்ளியின் கணினி அவளுக்கு இரண்டு வயது என்று சொல்லிவிட்டதால், தலைமை ஆசிரியை வேறு வழியில்லாமல் அவளை மழலையர் அறைக்கு அனுப்பியிருந்தார்.

“குட்டி நாற்காலியில உக்காந்து முட்டியெல்லாம் வலிக்குது. மத்தியானம் என்னைத் தூங்க வெச்சாங்கம்மா. தூக்கம் வரலைன்னதுக்கு முதுகைத் தட்டிக் குடுத்தாங்க.”

அக்காவின் கணவர் அடக்கமாட்டாமல் சிரித்தார். அக்கா முறைத்ததும் நிறுத்திக்கொண்டார்.

பல்லழகி விடுப்பு எடுத்துக்கொண்டு பதிவகத்துக்குப் போனாள். கூடம் நிரம்பி வழிந்தது. சுவரில் புதுப் பெயின்ட் வாசனை. “தொலைந்தது எதுவுமில்லை” என்று கண்ணாடிக் கதவின் குறுக்கே பெரிதாக எழுதியிருந்தார்கள். கதவைத் திறந்தால் சொற்றொடர் இரண்டாகப் பிளந்து, உள்ளே போகிறவர்களுக்குத் “தொலைந்தது” மட்டும்தான் தெரிந்தது.

வரிசையில் அவளுக்கு முன்னால் ஒரு வயதான அம்மாள் நின்றாள். கணவர் இறந்து மூன்று வருடமாம்.

“உங்க வீட்டுக்காரரை உயிரோட இருக்கார்னு போட்டுட்டாங்களா? மாத்தச் சொல்ல வந்தீங்களா?” என்று பல்லழகி கேட்டாள்.

“மாத்தறதுக்கு இல்லைம்மா. உயிரோட இருக்கார்னு இவ்வளவு உறுதியாச் சொல்றாங்களே, எங்க இருக்கார்னும் போட்டிருக்கான்னு கேக்கலாம்னு வந்தேன்.”

ஒன்பதாம் கவுண்டரில் இருந்தவர் நடுவயதுக்காரர். மூக்குக்கண்ணாடிக்குப் பின்னால் கண்கள் சிவந்திருந்தன. அவள் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். அந்தக் கட்டடத்திலேயே அவளுக்குக் கிடைத்த முதல் பொறுமை அது.

“விவாகரத்து எப்ப ஆச்சுன்னு சொன்னீங்க?”

“நாலு வருஷம் முன்னாடி.”

“எங்களுக்கு மீண்டு வந்த தேதி ஏழு வருஷத்துக்கு முன்னாடி மேடம். அந்தக் கணக்குப்படி உங்க விவாகரத்து இன்னும் நடக்கலை.”

“நடந்து முடிஞ்சதை நடக்கலைன்னா எப்படி சார்?”

“நடக்காதுன்னு நான் சொல்லலையே. நடந்ததும் வாங்க, பதிஞ்சிடலாம்.”

“அவர் என்னை அடிச்சதெல்லாம்?”

அவர் அவள் கொண்டுவந்த காகிதங்களைப் புரட்டினார். “அடிச்சதா முதல் புகாரே அஞ்சு வருஷம் முன்னாடிதான் குடுத்திருக்கீங்க. அதாவது, குடுக்கப்போறீங்க. இப்போதைக்கு அவர் உங்களை அடிக்கவே இல்லை.” சொல்லிவிட்டு அவரே சங்கடத்தோடு நெளிந்தார். “என்னையும் பாருங்க மேடம். இந்த நாற்காலிக்கு வந்து அஞ்சு வருஷம் ஆச்சு. பதிவுப்படி நான் இன்னும் பயிற்சியாள். அந்தச் சம்பளம்தான் போடறாங்க. நான் யார்கிட்ட போய்ச் சொல்றது?”

எந்தப் புகாரானாலும், மீட்பு பற்றிய விளக்கக் கூட்டத்தில் உட்கார்ந்து எழுந்த பிறகுதான் வாங்குவார்களாம். அவள் அரங்கத்துக்குப் போனாள். மீட்பு இயக்குநர் மேடையேறினார். உயரமான மனிதர். மேல்வரிசையில் நாலு பல் கட்டினது, நல்ல வேலை, தங்கள் மருத்துவமனையில் செய்ததில்லை என்று அவளால் தொலைவிலிருந்தே சொல்ல முடிந்தது.

“நம்மிடம் இயந்திரங்கள் இல்லை” என்று தொடங்கினார். “மெய்நிகர் இயந்திரங்கள் இருக்கின்றன. ஓர் இயந்திரத்துக்குள் நாற்பது இயந்திரங்கள். அவை எவையும் உண்மையில் இல்லை. ஆனாலும் வேலை செய்வதாகத் தோன்றும்.”

“இந்த ஆபீஸ் மாதிரியே” என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள்.

“அந்த இயந்திரங்களை ஒவ்வொரு நாளும் அப்படியே நகலெடுத்தோம். நகலைப் பூட்டினோம். பூட்டின சாவியையும் பூட்டினோம். அந்தச் சாவியை எங்கே வைத்தோம்? யாரும் கை வைக்க முடியாத இடத்தில், அதே இயந்திரத்துக்குள் வைத்தோம். பிறகு எங்கிருந்தோ ஒரு கயவன் நுழைந்து இயந்திரத்தையே பூட்டிவிட்டான். விளைவு என்ன? நம் நகல்களை அவனாலும் திறக்க முடியவில்லை, நம்மாலும் திறக்க முடியவில்லை. இதைவிடப் பாதுகாப்பு உலகத்தில் எங்கே இருக்கிறது?”

முன்வரிசையில் இருந்த ஊழியர்கள் கைதட்டினார்கள்.

“ஒரே ஒரு நகல் மட்டும் திறந்திருந்தது. இந்தத் திட்டம் தொடங்கிய அன்று, ஏழு வருடத்துக்கு முன், ஓர் ஊழியர் அதைப் பூட்ட மறந்து அலமாரியில் போட்டுவிட்டார். கடும் விதிமீறல். அந்த ஊழியரைப் பணிநீக்கம் செய்துவிட்டோம். நகலை மட்டும் பயன்படுத்திக்கொண்டோம். அதற்குப் பொன் நகல் என்று பெயர் சூட்டியிருக்கிறோம். மீட்டு முடித்ததும் அதையும் பூட்டியாயிற்று. இனி அதில் ஓர் எழுத்தைக்கூட யாராலும் மாற்ற முடியாது. நான் நினைத்தாலும் முடியாது. நான் நினைக்கவும் மாட்டேன்.”

“முன்னாடியே ஒரு தடவையாவது மீட்டுப் பாத்தீங்களா சார்?” என்று ஓர் இளைஞன் கேட்டான்.

“மீட்டுப் பார்க்க வேண்டுமென்றால் நகலைத் தொட வேண்டும் தம்பி. தொடுவது பாதுகாப்புக்கு எதிரானது.”

“அப்ப நடுவுல போன ஏழு வருஷம்?”

இயக்குநர் கனிவாகச் சிரித்தார். “இழப்பு என்றால் என்ன? இருந்தது போவது. பொன் நகலில் இருந்த எதுவும் போகவில்லை. அதில் இல்லாதது எப்படிப் போகும்? இன்று முதல் நடப்பதை நொடியில் பதிவோம். ஏற்கெனவே நடந்துவிட்டதாகச் சிலர் சொல்லிக்கொண்டிருப்பதைத்தான் பதிய இயலாது.”

பல்லழகி எழுந்து நின்றாள். “சார், நான் விவாகரத்து வாங்கினவ. உங்க மீட்பால என் பழைய புருஷன் வீட்டுக்குள்ள வந்து உக்காந்துட்டார்.”

எல்லாரும் அவள் பக்கம் திரும்பினார்கள். இயக்குநரின் முகம் மட்டும் மலர்ந்தது.

“கேட்டீர்களா? தரவு மீட்கப்பட்டது என்று நான் சொன்னால் சிலர் நம்புவதில்லை. இதோ, ஒரு குடும்பமே மீட்கப்பட்டிருக்கிறது! அம்மா, நீங்கள் மேடைக்கு வாருங்கள்.”

அவள் போகவில்லை. புகைப்படக்காரர் அவள் இருந்த இடத்துக்கே வந்து படமெடுத்துக்கொண்டார்.

இரண்டே நாளில் அந்தப் படம் கூடத்துச் சுவரில் ஏறியது. பக்கத்தில் அவளுடைய முன்னாள் கணவனின் படம். அவனை வீட்டுக்கே போய்ப் பார்த்திருக்கிறார்கள். “மனசு நிறைஞ்சிருக்கு” என்று அவன் சொன்னதாகக் கீழே போட்டிருந்தது. இரண்டு படங்களையும் ஒட்டின இடத்தில் ஒரு இதயம் வரைந்திருந்தார்கள். இந்தக் குடும்பத்தை வைத்து ஒரு விளம்பரப் படம் எடுக்கவும், அதில் இயக்குநரே விருந்தாளியாக வந்து சாப்பிடவும் ஏற்பாடு ஆகியிருப்பதாகக் கடிதமும் வந்தது.

கடிதத்தோடு அவள் ஒன்பதாம் கவுண்டருக்குப் போனாள். அன்றைக்குக் கூட்டம் குறைவு. கவுண்டர்க்காரர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு முன்னால் குனிந்தார்.

“ஒரு வழி இருக்கு மேடம். சொல்ல எனக்கே நாக்கு கூசுது.”

“சொல்லுங்க சார்.”

“பழசைப் பதிய முடியாது. ஆனா புதுசா ஏதாவது நடந்தா உடனே பதியலாம். சாட்சி இருந்தா அன்னிக்கே அவரை வீட்டை விட்டு வெளியேத்த உத்தரவு வந்துடும். இப்ப சிஸ்டம் ரொம்ப வேகம்.”

“புதுசான்னா?”

அவர் விசைப்பலகையில் படிந்திருந்த தூசியை விரலால் துடைத்தார்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. அடி வாங்கினால் ஒரு வழி பிறக்கும். வாங்கி முடித்த அடிக்கு மதிப்பில்லை, புதிதாக ஒன்று வாங்க வேண்டும். அதுவும் சாட்சியோடு. திரும்பும் பேருந்தில் நெடுநேரம் கேட்காத காதைத் தடவிக்கொண்டே வந்தாள். ஒரு மனிதனிடம் எந்தச் சொல்லைச் சொன்னால் கை வரும் என்று தெரிந்துவைத்திருப்பதும் ஒரு படிப்புதான். அந்தப் படிப்பை அவள் மறக்கவில்லை. விளம்பரப் படத்துக்குச் சம்மதம் என்று எழுதி அனுப்பினாள்.

“உனக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு?” என்று அக்கா கத்தினாள்.

“இயக்குநரே சாட்சி அக்கா. கேமரா வேற இருக்கு. இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்காது. ஒரே ஒரு அடிதானே.”

அக்கா அதற்குமேல் கத்தவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள்.

படப்பிடிப்பு அவளுடைய வீட்டில்தான் நடந்தது. எடுக்க வேண்டியது இரவுச் சாப்பாட்டுக் காட்சி. மீட்பு இயக்குநருக்குக் காலையில்தான் நேரம் இருந்ததால் ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டி இரவாக்கினார்கள். உணவு விடுதியிலிருந்து சாப்பாடு வந்தது. கூடவே, ஒரு பெண்ணின் இடுப்பில் ஒரு குழந்தையும் வந்தது.

“இது யாரோட குழந்தை?”

“உங்களோடதுதான்” என்றான் உதவியாளன். “உங்க பொண்ணுக்கு ரெண்டு வயசுன்னு பதிவுல இருக்கு. ஒன்பது வயசுப் பொண்ணைக் காட்டினா முரணாயிடும். இது எங்க கேமராமேன் தங்கச்சியோட குழந்தை. சமத்தா இருக்கும்.”

அந்தக் குழந்தையை அவள் மடியில் வைத்தார்கள். அது அவளுடைய வளையலைக் கடித்துப் பார்த்தது. முன்னாள் கணவன் புதுச் சட்டையில் இருந்தான். பதிவகம் எடுத்துக் கொடுத்தது. அந்த இரண்டு வாரத்தில் அவன் உடம்பு கொஞ்சம் பூசியிருந்தது. தெருவில் ஆட்கள் நிறுத்திப் பேசுகிறார்களாம், கை குலுக்குகிறார்களாம். இயக்குநர் அவனுக்கு எதிரே உட்கார்ந்தார். கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்தது.

“இயல்பா இருங்க. அப்புறம் சார், அந்த நாள்ல நீங்க என்ன வேலையில இருந்தீங்க?” என்று இயக்குநர் அவனிடம் கேட்டார்.

“ஒரு பெரிய கம்பெனியில மேனேஜரா இருந்தேங்க” என்றான் அவன், சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு. “எனக்குக் கீழ முப்பது பேர்.”

பல்லழகி குழந்தையை இறக்கி, கொண்டுவந்த பெண்ணிடம் கொடுத்தாள். பிறகு பாத்திரத்தை அவன் பக்கம் நகர்த்திக்கொண்டே, சாதாரணமாகச் சொல்வது போலச் சொன்னாள்:

“மேனேஜர் இல்லை சார். மேனேஜரோட காரை ஓட்டினார். அதுவும் ரெண்டே மாசம்தான். அப்புறம் அனுப்பிட்டாங்க.”

உதவியாளன் களுக்கென்று சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அடி விழுந்தது. நாற்காலியோடு சாய்ந்தாள். உதடு கிழிந்து மேஜைவிரிப்பில் ரத்தம் தெறித்தது. குழந்தை வீல் என்று அலறியது. அவன் மறுபடி கையை ஓங்கியபோதுதான் கேமரா நினைவுக்கு வந்தது போல அப்படியே நின்றான்.

அவள் மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். வலித்தது. ஆனாலும் பல நாளாக நெஞ்சில் அழுத்திக்கொண்டிருந்த ஏதோ ஒன்று இறங்கிவிட்டது.

“பாத்தீங்களா சார்? இப்ப நடந்தது. இன்னிக்கு நடந்தது. பதியச் சொல்லுங்க.”

இயக்குநர் கைக்குட்டையால் தன் சட்டையில் எதுவும் தெறித்திருக்கிறதா என்று துடைத்துப் பார்த்தார். பிறகு கேமராமேன் பக்கம் திரும்பினார்.

“இந்தப் பகுதி வேண்டாம். அழிச்சிடுங்க.”

கேமராமேன் தயங்கினான். “அழிச்சா திரும்ப எடுக்க முடியாது சார்.”

“அதனாலதான் அழிக்கச் சொல்றேன்.”

“சார், நீங்க கண்ணால பாத்தீங்களே” என்றாள் அவள்.

“அம்மா, நான் இங்க வந்திருக்கறது பதிவகத்தோட இயக்குநரா. நான் எதைப் பாக்கறேன், எதைப் பாக்கலைங்கறதுக்கு ஒரு முறை இருக்கு. மீட்ட குடும்பம் மறுநாளே உடைஞ்சுதுன்னா ஜனங்களுக்கு மீட்பு மேலயே நம்பிக்கை போயிடும். ஒருத்தரோட உதட்டுக்காக அத்தனை பேரோட நம்பிக்கையைக் கெடுக்கலாமா? நீங்களே சொல்லுங்க.”

கேமராமேன் பொத்தானை அழுத்துவதை அவள் பார்த்தாள்.

“அதுக்கு நகல் ஏதாவது இருக்குமா?” என்று கேட்டாள்.

அவள் பயந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார் போலும். இயக்குநர் தணிந்த குரலில் ஆறுதலாகச் சொன்னார்:

“கவலைப்படாதீங்கம்மா. ஒண்ணுகூட இல்லை.”

மறுபடி ஒரு தடவை எடுக்கலாம், உதட்டைத் துடைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அவள் துடைத்துக்கொள்ளவில்லை. அப்படியே இறங்கி நடந்து பதிவகத்துக்குப் போனாள். கூடத்தில் எல்லாரும் வழிவிட்டார்கள். ஒன்பதாம் கவுண்டர்க்காரர் அவள் முகத்தைப் பார்த்ததும் எதுவும் கேட்காமல் தட்டச்சு செய்யத் தொடங்கினார். முகவரியை அடித்தார், நேரத்தை அடித்தார். பிறகு அவர் விரல்கள் நின்றுவிட்டன.

“இந்த வீட்டுக்கு, இந்த நேரத்துக்கு ஏற்கெனவே ஒரு பதிவு ஏறியிருக்கு மேடம்.”

“என்னன்னு?”

“குடும்பத்துடன் இரவு உணவு. நிலை: மகிழ்ச்சி.” திரையை அவள் பக்கம் திருப்பினார். “இயக்குநரே ஏத்தியிருக்கார். முதல்ல ஏறினதுதான் நிக்கும்.”

“இப்ப பகல் சார்.”

“தெரியுது மேடம்” என்றார் அவர். தன் தண்ணீர் பாட்டிலையும் கைக்குட்டையையும் கண்ணாடிக்குக் கீழிருந்த இடைவெளி வழியாக அவள் பக்கம் தள்ளினார். அந்த அலுவலகத்தில் அவரால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

அக்கா வீட்டில் மகள்தான் கதவைத் திறந்தாள். அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அப்பா அடிச்சாரா?”

“அடிச்சார்.”

“யாரும் பாக்கலையா?”

“எல்லாரும் பாத்தாங்க.”

அந்த வாரமே இருவரும் ஊரை விட்டுக் கிளம்பினார்கள். பல் மருத்துவர் தனக்குத் தெரிந்த ஒருவருக்குச் சொல்லி, தூரத்தில் ஒரு சின்ன ஊரில் வேலைக்கு இடம் பார்த்துக் கொடுத்தார். அங்கே யாரும் பதிவைக் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்கும் சேர்த்துச் சம்பளத்தில் குறைத்துக்கொண்டார்கள். ஒரு அறையும் ஒரு ஜன்னலும் உள்ள வீடு. உதடு ஆறிவிட்டது, சிரித்தால் மட்டும் ஒரு பக்கம் கொஞ்சம் இழுக்கும். பதிவகத்துக்கு அந்த வருடத்தின் சிறந்த மீட்புக்கான விருது கிடைத்ததாகவும், மேடையில் இயக்குநருக்குப் பக்கத்தில் அவன் நின்றதாகவும் அக்கா தொலைபேசியில் சொன்னாள். பல்லழகி தொலைபேசியைக் கீழே வைத்தாள். கையிலிருந்த மெழுகு இறுகுவதற்குள் அதில் ஒரு பல்லை நட வேண்டியிருந்தது.

மகளைச் சேர்த்த பள்ளியும் சின்னதுதான். ஆசிரியை பெயரை மட்டும் கேட்டு எழுதிக்கொண்டு நாலாம் வகுப்பில் உட்காரவைத்தார். முதல் நாள், பிள்ளைகளை ஒவ்வொருவராக எழுப்பி வீட்டைப் பற்றிச் சொல்லச் சொன்னார். அம்மா பல் செய்வதை மகள் விரிவாகச் சொன்னாள். பிள்ளைகள் வாய்பிளந்து கேட்டார்கள்.

“அப்பா இருக்காரா?” என்று ஆசிரியை கேட்டார்.

“பதிவுல இருக்கார் டீச்சர்” என்று சொல்லிவிட்டு மகள் உட்கார்ந்துகொண்டாள்.